துணியில் நின்றதும் துணி வழியே போனதும்

அத்தைக்கு 72 வயது. ஆறு மாதமாக மாடிப்படி ஏறும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்கிறார். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. பரிசோதித்த மருத்துவர், தசை குறைந்துகொண்டே வருகிறது, சாப்பாட்டில் புரதம் போதவில்லை என்றார். அத்தை முட்டை தொடமாட்டார். அதனால் மருந்துச் சீட்டின் கடைசி வரியில் 'கிரீக் யோகர்ட்' என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, அறுபது வருஷமா மூணு வேளையும் தயிர்தானே சாப்பிடறேன். அதுல இல்லாதது இதுல என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. வாயால் பதில் சொல்வதைவிடச் செய்து காட்டுவது எளிது என்று தோன்றியது. ஆவின் நீலப் பாக்கெட் பால் ஒரு லிட்டரில் முதல் நாள் இரவே உறை ஊற்றி வைத்தோம். காலையில் அந்தக் கெட்டித் தயிரை, நான்காக மடித்த மல் துணியில் கொட்டி, முடிந்து, சமையலறைக் குழாயில் தொங்கவிட்டுக் கீழே ஒரு பாத்திரம் வைத்தோம். முதலில் நூல் பிடித்தாற்போல ஒழுகியது. கால் மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாகக் குறைந்தது. வெயில் ஏறியதும் புளித்துவிடுமே என்று, மூட்டையை அப்படியே ஒரு வடிகட்டியில் வைத்து, வடிகட்டியைப் பாத்திரத்தின் மேல் வைத்து, ஃபிரிட்ஜுக்குள் தள்ளினோம். ஆறு மணி நேரம் கழித்து நிறுத்துப் பார்த்தால் துணியில் 410 கிராம் இருந்தது. பாத்திரத்தில் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர். அது வெறும் தண்ணீர் நிறத்திலும் இல்லை, பால் நிறத்திலும் இல்லை. இளம் எலுமிச்சைத் தோலைப் போலப் பச்சையோடிய மஞ்சள். துணியை விரித்தபோது தயிர், வெண்ணெய்போல வழுவழுவென்று துணியின் மடிப்புத் தடத்தோடு நின்றது. அதுதான் கிரீக் யோகர்ட். வேறு எந்த மாயமும் இல்லை.

இந்த உணவைப் பற்றி நல்லதாகவும் கெட்டதாகவும் சொல்லப்படுவதில் பெரும்பகுதிக்கு விடை அந்தத் துணியிடமே இருக்கிறது. எது துணியில் நின்றது, எது பாத்திரத்தில் விழுந்தது என்று பார்த்துவிட்டால் போதும்.

பால் எப்படித் தயிராகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அது தனித்தனி மூலக்கூறாக மிதப்பதில்லை. ஆயிரக்கணக்கில் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. பால் வெள்ளையாகத் தெரிவதற்கு இந்த உருண்டைகள் ஒளியைச் சிதறடிப்பதும் ஒரு காரணம். உருண்டைக்குள் கேசீனைச் சேர்த்துப் பிடித்திருக்கும் சாந்து எது தெரியுமா? கால்சியமும் பாஸ்பேட்டும். பாலில் உள்ள கால்சியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த உருண்டைகளுக்குள்தான் சாந்தாகப் பூசப்பட்டிருக்கிறது. மீதிதான் தண்ணீரில் கரைந்து கிடக்கிறது.

உறை மோரில் இருக்கும் பாக்டீரியாக்கள் பால் சர்க்கரையான லாக்டோஸைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. புளிப்பு ஏற ஏறப் பாலின் பிஎச் அளவு 6.7-இலிருந்து மெல்ல இறங்கி 4.6-ஐத் தொடுகிறது. அந்த இடத்தில் கேசீன் உருண்டைகளின் மேலிருந்த மின்னூட்டம் போய்விடுகிறது. அதுவரை ஒன்றையொன்று தள்ளி விலக்கியவை இப்போது ஒட்டிக்கொண்டு, பாத்திரம் முழுக்க ஒரு வலையாகப் பின்னிக்கொள்கின்றன. தண்ணீரும் கொழுப்பும் அந்த வலைக்குள் சிறைப்படுகின்றன. இதைத்தான் நாம் 'தோய்ந்துவிட்டது' என்கிறோம். பாலை நன்றாகக் காய்ச்சி ஆறவைத்தபின் உறை ஊற்ற வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்துவதற்கும் இதில் காரணம் உண்டு. 85 டிகிரிக்கு மேல் சூடானால் பாலில் உள்ள மற்றொரு வகைப் புரதமான பீட்டா-லாக்டோகுளோபுலின் தன் சுருள் அவிழ்ந்து கேசீன் உருண்டைகளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அதனால் வலை இறுகுகிறது, தயிர் கெட்டியாகிறது. துணியில் கட்டும்போது இந்தப் புரதமும் தண்ணீரோடு ஓடிப்போகாமல் பெரும்பாலும் துணியிலேயே நிற்பதற்குக் காரணமும் இதுவே.

ஆனால் அதே புளிப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. அமிலத்தில் சுண்ணாம்பு கரையும் அல்லவா? உருண்டைகளுக்குள் சாந்தாக இருந்த கால்சியமும் அப்படியே கரைந்து வெளியே வந்து தண்ணீரில் கலந்துவிடுகிறது. தயிரைத் தயிராகவே சாப்பிடுகிறவருக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தானே சாப்பிடுகிறார். துணியில் கட்டித் தொங்கவிட்டால்தான் கதை மாறுகிறது.

எண்களைப் பார்ப்போம். அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்து அட்டவணைப்படி, கொழுப்பு நீக்காத பாலில் செய்த சாதாரண யோகர்ட் 100 கிராமில் புரதம் 3.5 கிராம், கால்சியம் 121 மில்லிகிராம். கொழுப்பு நீக்காத கிரீக் யோகர்ட் 100 கிராமில் புரதம் 9 கிராம், கால்சியம் 100 மில்லிகிராம். இதை மட்டும் பார்த்தால் புரதம் இரண்டரை மடங்கு, கால்சியம் கொஞ்சம்தானே குறைவு என்று தோன்றும். அந்த 100 கிராமைச் செய்ய ஏறக்குறைய 300 கிராம் சாதாரண யோகர்ட் வேண்டும் என்பதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 300 கிராமில் புரதம் 10.5 கிராம் இருந்தது. 9 கிராம் துணியில் நின்றது. கால்சியம் 363 மில்லிகிராம் இருந்தது, 100 நின்றது. புரதம் ஏறக்குறைய முழுதாக நமக்குக் கிடைத்தது. கால்சியத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பாத்திரத்தில் விழுந்துவிட்டது.

அத்தையின் கேள்விக்கு உண்மையான பதில் இங்கே இருக்கிறது. அவர் தினம் 300 கிராம் தயிர் சாப்பிடுகிறவராக இருந்தால், 100 கிராம் கிரீக் யோகர்ட்டில் கிடைப்பதைவிடக் கூடுதலாகவே புரதம் அவருக்குக் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் மூன்றரை மடங்கு கால்சியத்தோடு. வடிகட்டுவதால் பாலுக்குள் புதிதாக எந்தச் சத்தும் முளைத்துவிடுவதில்லை.

சந்தேகம் வந்து, ஒரு நாள் முழுக்க அவர் சாப்பிடும் தயிரை அளந்து பார்த்தோம். காலையில் ஒரு தம்ளர் நீர்மோர். அதற்குள் போனது 40 கிராம் தயிர். மதியம் கடைசிக் கவளங்களுக்குத் தயிர் 80 கிராம். இரவு மோர் சாதத்தில் 60 கிராம். ஆக, 'மூணு வேளையும் தயிர்' என்பது 180 கிராம். அதில் புரதம் 6 கிராம் சொச்சம். அவர் எடை 52 கிலோ. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி கிலோவுக்கு 0.83 கிராம் என்றால் அவருக்கு நாளொன்றுக்கு 43 கிராம் புரதம் வேண்டும். முதியோர் நல மருத்துவர்கள் பலர், வயதானவர்களின் தசை புரதத்தை முன்போல எளிதாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் 52-இலிருந்து 62 கிராம். சோறு, ரசம், இரண்டு கரண்டி சாம்பார், ஒரு பொரியல், 180 கிராம் தயிர் என்ற சாப்பாட்டில் அந்த அளவு வரவே வராது.

தயிரை இன்னும் நிறையச் சாப்பிட்டால் என்ன என்று கேட்கலாம். வயதானவர்களைக் கவனித்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியும்: அவர்களால் முடியாதது அதுதான். நாலு கவளத்தில் வயிறு நிறைந்துவிடுகிறது. அந்த நாலு கவளத்துக்குள் எதைக் கொடுக்கிறோம் என்பதே பிரச்சினை. சின்னக் கிண்ணம் ஒன்றில் 9 கிராம் புரதம் அடங்கிவிடுகிறது என்பதுதான் கிரீக் யோகர்ட்டின் பெரிய பலம் என்று நான் நினைக்கிறேன். அந்தப் புரதத்தின் தரமும் உயர்ந்தது. தசையைக் கட்டும் வேலையைத் தொடங்கிவைக்கும் லூசின் அதில் நிறைய இருக்கிறது. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலமும் பால் புரதத்தில் தாராளம். அரிசியும் தயிரும் ஒன்றின் குறையை ஒன்று நிரப்பும் என்பது தயிர் சாதத்துக்கும் பொருந்தும்; கெட்டித் தயிர் என்றால் இன்னும் பொருந்தும். கேசீன் மெதுவாகச் செரிப்பதால் பசியும் தள்ளிப்போகும். எடையைக் குறைக்க நினைக்கும் இளைஞர்களுக்கு இது வசதி. பசியே எடுக்காத முதியவர்களுக்கு அடுத்த வேளைச் சாப்பாட்டை இது கெடுத்துவிடாமல் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். இதோடு, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது போன்ற பயிற்சியும் சேர வேண்டும். தசைக்கு வேலை கொடுக்காமல் புரதத்தை மட்டும் ஊட்டினால் பலன் சொற்பம்.

அதனால் அத்தைக்கு நான் சொன்னது இது: தயிரை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிட வேண்டாம், தயிரோடு கூடுதலாக இதைச் சாப்பிடுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்மானம் ஏற்கெனவே ஒரு பயம். அவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கால்சியம் 1200 மில்லிகிராம். பால், தயிர், கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள் என்று வரும் வழிகளில் ஒன்றை அடைத்துவிட்டு இந்தக் கிண்ணத்தை வைத்தால், தசைக்குக் கொடுத்துவிட்டு எலும்பிலிருந்து எடுத்ததாகிவிடும்.

எல்லா கிரீக் யோகர்ட்டிலும் இப்படிக் கால்சியம் போய்விடும் என்றும் சொல்ல முடியாது. சில தொழிற்சாலைகளில் பாலை உறைக்கு முன்பே நுண்ணிய சவ்வுகள் வழியாக அழுத்தி வடித்துக் கெட்டியாக்குகிறார்கள். அப்போது பால் புளித்திருக்காது. கால்சியம் இன்னும் கேசீன் உருண்டைக்குள் பூட்டியே இருக்கும். தண்ணீரும் அதில் கரைந்திருப்பவையும் மட்டுமே போகும். அதன்பின் உறை ஊற்றினால் புரதமும் கால்சியமும் இரண்டுமே மிஞ்சும். வேலை அதே வேலைதான். வரிசை மாறியதும் சத்தும் மாறிவிட்டது. வாங்குமுன் கப்பின் பின்புறம் கால்சியம் எவ்வளவு என்று பார்த்தால் எந்த வரிசையில் செய்தார்கள் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

சர்க்கரையைப் பற்றி ஒரு தவறான பேச்சு உலவுகிறது. கிரீக் யோகர்ட்டில் சர்க்கரை பாதியாகிவிடும், ஆகவே நீரிழிவுக்காரர்கள் கவலையின்றிச் சாப்பிடலாம் என்பார்கள். லாக்டோஸ் தண்ணீரில் கரைந்திருப்பது. தண்ணீர் எவ்வளவு போகிறதோ அந்த விகிதத்தில் அதுவும் போகும். துணியில் மிஞ்சிய ஈரத்தில் அதன் அடர்த்தி முன்பிருந்ததுபோலவே இருக்கும். அதனால்தான் 100 கிராமுக்கு மாவுச்சத்து 4.7 கிராமிலிருந்து 4 கிராம் அளவுக்கு மட்டுமே இறங்குகிறது. ஆனால் ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு சர்க்கரை என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு உண்மையில் அதுவே நன்மை. இந்த நன்மையையும் ஒரு ஸ்ட்ராபெரி கப் அழித்துவிடும். பழச் சுவை சேர்த்த கப்பைத் திருப்பிப் பார்த்து, 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரியைத் தேடுங்கள். 5 கிராம் என்றால் ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடுதல், 10 கிராம் என்றால் இரண்டரை டீஸ்பூன். வெறும் யோகர்ட்டில் இந்த வரி பூஜ்யமாக இருக்க வேண்டும். மாம்பழம் வேண்டுமென்றால் வீட்டில் இரண்டு துண்டு நறுக்கிப் போட்டுக்கொள்ளலாம்.

கொழுப்பு விஷயத்தில் வீட்டில் செய்பவர்கள்தாம் கவனமாக இருக்க வேண்டும். கொழுப்புத் துளிகள் கேசீன் வலையில் சிக்கிக்கொள்ளும். துணியைத் தாண்டிப் போவது மிகக் குறைவு. நீலப் பாக்கெட்டில் 3 சதவீதமாக இருந்த கொழுப்பு எங்கள் 410 கிராமில் 7 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சுப் பாக்கெட்டில் செய்தால் அது 12 சதவீதத்தைத் தாண்டும். பால் கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்ற கொழுப்பு. சீஸையும் வெண்ணெயையும் ஒரே அளவு கொழுப்பு வரும்படி கொடுத்து ஒப்பிட்ட சோதனைகளில், சீஸ் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் குறைவாகவே ஏறியது. புளிக்கவைத்த பால் பொருள்களின் கொழுப்பு தனிக் கொழுப்பைப் போல நடந்துகொள்வதில்லை என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இது ஒரு காரணம். அதற்காக, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் தினம் ஒரு பெரிய கிண்ணம் ஆரஞ்சுப் பாக்கெட் கெட்டித் தயிரைச் சாப்பிடலாம் என்று ஆகாது. அவருக்குக் கொழுப்பு நீக்கிய பால்தான் பொருத்தம். கொழுப்பு நீக்கிய கிரீக் யோகர்ட் 100 கிராமில் 59 கலோரிதான். புரதம் 10 கிராம்.

பெயரில் இருக்கும் கிரேக்கத்துக்கும் இதற்கும் என்ன உறவு? உறவு உண்டு, ஆனால் தனியுரிமை இல்லை. யோகர்ட் என்ற சொல்லே துருக்கியது. வடித்த யோகர்ட்டைத் துருக்கியர்கள் சூஸ்மே என்பார்கள். லெபனானில் லப்னே. மராட்டியத்திலும் குஜராத்திலும் தயிரைத் துணியில் கட்டி வடித்தெடுப்பது சக்கா. அதில் சர்க்கரையும் ஏலமும் குங்குமப்பூவும் சேர்ந்தால் ஸ்ரீகண்ட். மட்டக்களப்பில் எருமைத் தயிரை மண்சட்டியில் தோய்ப்பார்கள். எருமைப் பால் இயல்பிலேயே கெட்டி, சுட்ட மண் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் இன்னும் கெட்டி. கிரேக்கத்தில் வடித்ததற்கு 'ஸ்ட்ராகிஸ்டோ' என்று பெயர். தைம் பூந்தேனும் வால்நட்டும் போட்டு அப்படியே சாப்பிடுவார்கள்; வெள்ளரியும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து 'ட்சாட்சீகி' செய்வார்கள். நம் வெள்ளரிப் பச்சடி பத்து நிமிடத்தில் நீர்த்துவிடும். அவர்களுடையது ரொட்டியில் எடுத்தால் ரொட்டியிலேயே நிற்கும்.

உலகம் முழுக்க இதைப் பரப்பியது இரண்டு நிறுவனங்கள். ஒன்று, 1926-இல் ஏதென்ஸில் ஒரு பால் கடையாகத் தொடங்கிய ஃபாயே. மற்றொன்று சோபானி. துருக்கியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஹம்தி உலுகாயா, நியூயார்க் மாநிலத்தில் மூடப்பட்ட ஒரு யோகர்ட் ஆலையை 2005-இல் வாங்கி, 2007-இல் முதல் கப்பைக் கடைக்கு அனுப்பினார். சோபான் என்றால் துருக்கியில் இடையன். இந்த இரண்டு நிறுவனங்களும் லண்டன் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டன. கிரேக்கத்தில் செய்யாத ஒன்றைப் பிரிட்டனில் 'கிரீக் யோகர்ட்' என்று விற்கக் கூடாது என்று 2013-இல் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2014-இல் அதை உறுதிசெய்தது. மற்றவர்கள் 'கிரீக் ஸ்டைல்' என்று போட்டுக்கொள்ள வேண்டும். நாம் கவனிக்க வேண்டியது அந்த 'ஸ்டைல்' என்ற சொல்லை. வடிக்காமலே, பால் புரதப் பொடி, சோள மாவு, பெக்டின், ஜெலட்டின் இவற்றில் ஏதாவது சேர்த்துக் கெட்டியாக்கியதும் அந்தப் பெயரில் வரலாம். பால் பொடி சேர்த்தால் சத்துக் குறைவில்லை. சோள மாவால் கெட்டியானதில் புரதம் அதிகமிருக்காது. ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. அத்தையைப் போன்றவர்களுக்கு அது தெரிந்தே ஆக வேண்டிய செய்தி. பாலும் உறையும் தவிர வேறெதுவும் இல்லாத பட்டியலே நல்ல பட்டியல்.

இனி பாக்டீரியா. 1905-இல் ஜெனீவாவில் படித்துக்கொண்டிருந்த ஸ்தாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர், தன் நாட்டு யோகர்ட்டை நுண்ணோக்கியில் வைத்து, அதைத் தோய்க்கும் பாக்டீரியாவை அடையாளம் கண்டார். லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் என்ற பெயர் அப்படி வந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் அதன் கூட்டாளி. இரண்டும் 42 டிகிரிச் சூட்டில் ஒன்றுக்கொன்று உணவூட்டி வளரும். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இலியா மெச்னிகோவ், பல்கேரியக் குடியானவர்களின் நீண்ட ஆயுளுக்குப் புளித்த பாலே காரணம் என்று நம்பி எழுதினார். அவருடைய 1908 நோபல் பரிசு வேறு ஆய்வுக்கானது என்றாலும், அந்தப் பெயரின் கனத்தில் யோகர்ட் மருந்துக் கடைவரை போய்ச் சேர்ந்தது.

நூறாண்டு கழித்து உறுதியாகச் சொல்லக்கூடியது எது என்று பார்த்தால், பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு இந்த இரண்டு பாக்டீரியாக்களும் உதவுகின்றன என்பது. லாக்டோஸை உடைக்கும் நொதியைத் தங்கள் உடம்புக்குள் சுமந்துகொண்டு அவை நம் குடலுக்குள் வருகின்றன. அங்கே அவை உடைபட்டதும் அந்த நொதி நமக்காக வேலை செய்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் இதை ஏற்றுக்கொண்டது. ஒரு கிராமில் பத்துக் கோடி உயிருள்ள பாக்டீரியாக்களாவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வளர்ந்தபின் பால் சர்க்கரை செரிக்காமல் போவது வட இந்தியர்களைவிடத் தென்னிந்தியர்களிடம் அதிகம் என்பதால் நமக்கு இது முக்கியம். பாலை ஒதுக்கித் தயிரை விரும்பும் நம் பழக்கத்துக்குப் பின்னால் வயிறு சொன்ன பாடம் இருந்திருக்கலாம். ஆனால் இவை குடலில் குடியேறுவதில்லை. இரண்டொரு நாளில் போய்விடும். தினம் சாப்பிட்டால்தான் தினம் பலன்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்துச் செய்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து வாரம் நிறையப் புளித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நம்பிக்கையூட்டும் முடிவு. ஆனால் அவர்கள் சாப்பிட்டது யோகர்ட் மட்டுமல்ல. கெஃபிர், கிம்ச்சி, கொம்புச்சா எல்லாம் சேர்த்து நாளுக்கு ஆறு பரிமாறல். இதைக் கிரீக் யோகர்ட்டின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. பாக்டீரியா விஷயத்தில் நம் வீட்டுத் தயிருக்கு எந்தக் குறையும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் அறைச் சூட்டில் லாக்டோகாக்கஸ் போன்ற வேறு பல வகைகளும் சேர்ந்தே உறையில் வளர்கின்றன. கடைக் கப் சிலவற்றை, கெடாமலிருக்கத் தோய்ந்தபின் மறுபடி சூடுபடுத்துவார்கள். அதில் புரதம் இருக்கும், உயிர் இருக்காது.

எடைக்கும் நீரிழிவுக்கும் யோகர்ட் நல்லது என்ற பேச்சுக்கு ஆதாரம் பெரும்பாலும் நீண்ட காலக் கண்காணிப்பு ஆய்வுகள். அமெரிக்காவில் 1,20,877 பேரைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியான ஆய்வில், யோகர்ட் சாப்பிடுவதைத் தினம் ஒரு பரிமாறல் கூட்டியவர்களின் எடை, நான்கு ஆண்டில் மற்றவர்களைவிட ஏறக்குறைய 370 கிராம் குறைவாக இருந்தது. அரைக் கிலோகூட இல்லை, அவ்வளவுதான். யோகர்ட் சாப்பிடுகிறவர்கள் நடைப்பயிற்சியும் செய்கிறவர்களாக, புகைக்காதவர்களாக இருக்கும் வாய்ப்பும் அதிகம். எது எதனால் என்று பிரிப்பது கடினம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில், வாரம் குறைந்தது 2 கப் யோகர்ட் இரண்டாம் வகை நீரிழிவின் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று கப்பில் அச்சிட அனுமதித்தது. அனுமதி கேட்டு விண்ணப்பித்தது டனோன் நிறுவனத்தின் வட அமெரிக்கக் கிளை. 'வரம்புக்குட்பட்ட சான்றின்படி' என்ற சொற்களையும் சேர்த்தே அச்சிட வேண்டும் என்றது நிர்வாகம். விளம்பரத்தில் அந்தச் சொற்கள் எப்போதும் சிறிய எழுத்தில்தான் வரும். நாம் அவற்றைப் பெரிய எழுத்தில் படிக்க வேண்டும்.

மருந்து சாப்பிடுகிறவர்கள் நேரம் பார்க்க வேண்டும். தைராய்டு மாத்திரையைக் கால்சியம் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாமல் செய்யும். மாத்திரைக்கும் எந்தத் தயிருக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுவது நல்லது. டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கும் இதே பிணக்கு. இரும்புச் சத்து மாத்திரையை இதோடு விழுங்கக் கூடாது. சிறுநீரகம் பழுதடைந்து புரதத்துக்கும் பாஸ்பரஸுக்கும் அளவு வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது; அவர்களுக்கு இந்த அடர்த்தியே ஆபத்து. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தயிராக்கினாலும் வடித்தாலும் அது பால்தான்.

பாத்திரத்தில் விழுந்த தண்ணீரை இன்னும் முடிக்கவில்லை. அதன் பச்சையோடிய மஞ்சளுக்குக் காரணம் ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் பி2. அதோடு நாம் இழந்த கால்சியம், பொட்டாசியம், லாக்டோஸ், லாக்டிக் அமிலம் எல்லாம் அதில் இருக்கின்றன. வீட்டில் அரை லிட்டர். தொழிற்சாலையில் ஒவ்வொரு டன் யோகர்ட்டுக்கும் இரண்டு டன். சீஸ் செய்யும்போது வடியும் தண்ணீர் இனிப்பானது. அதைக் காயவைத்துப் புரதப் பொடியாக விற்கலாம். இது புளிப்பானது, காயவைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும், புரதமும் அதில் அதிகமில்லை. ஓடையில் விட்டால் அதிலுள்ள சர்க்கரையைத் தின்னப் பெருகும் நுண்ணுயிர்கள் தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிட, மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். நியூயார்க் மாநிலத்தில் கிரீக் யோகர்ட் ஆலைகள் பெருகியபோது, மாட்டுத் தீவனத்தில் கலப்பதும், வயலில் அளவாகத் தெளிப்பதும், சாண எரிவாயுக் கலங்களுக்கு அனுப்புவதுமாக இதற்கு வழி தேட வேண்டி வந்தது. கடையில் வாங்கும் சின்னக் கப் ஒன்றின் விலைக்கு ஒரு லிட்டர் பால் கிடைத்துவிடும் என்கிற கணக்கோடு, இந்தத் தண்ணீரின் கணக்கையும் சேர்த்துப் பார்க்கும்போது வீட்டில் வடிப்பதே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் மட்டும்தான் துணியில் நின்றதும் துணி வழியே போனதும் இரண்டுமே ஒரே வயிற்றுக்குப் போய்ச் சேர முடியும்.

அத்தைக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நான் மூட்டையை அவிழ்த்து எடை பார்த்துக்கொண்டிருந்தபோதே, "அந்தத் தண்ணியக் கொட்டிடாதே" என்றவர், ஒரு வாய் ருசி பார்த்துவிட்டுப் பாதியில் கோதுமை மாவைப் பிசைந்தார். சப்பாத்தி வழக்கத்தைவிட மெத்தென்று வந்தது. மீதிப் பாதியில் கடுகும் சீரகமும் மிளகும் தாளித்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, புளி கரைக்காமலே ஒரு ரசம் வைத்தார். கெட்டித் தயிரில் உப்பும் வறுத்துப் பொடித்த எள்ளும் கலந்து, தைராய்டு மாத்திரை போட்டு நான்கு மணி நேரம் ஆகிவிட்டதா என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஸ்பூனை எடுத்தார்.